வாலை வெட்டிய வருடம்

முதல் குதிரை ஷோ, அதாவது கண்காட்சிப் போட்டி. நடுவர் குதிரையின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போனார், வாலைத் தூக்கிப் பார்த்தார், கீழே விட்டார். "யார் வெட்டியது?" என்றார். நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. முந்தின நாள் ராத்திரி அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல வெட்டியிருந்தேன். அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "அடுத்த வருடம் ஒரு எக்ஸ்மோரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த குதிரைக்கு நகர்ந்துவிட்டார்.

நான் பிடித்துக்கொண்டு நின்றதே எக்ஸ்மோர் என்ற அந்த மட்டக்குதிரை இனம்தான். ஆறு குதிரைகளில் ஆறாவதாக வந்தோம்.

நாங்கள் இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட்டில் இருக்கிறோம். மகளுக்காக என்று சொல்லி வாங்கியதுதான் இந்த மட்டக்குதிரை. இப்போது விடியற்காலையில் சேற்றில் இறங்கி நிற்பது நான். புளியங்கொட்டை நிறத்தில் இருந்ததால் புளி என்று பெயர் வைத்தோம். பக்கத்துப் பண்ணையில்தான் அதற்கு இடம். அந்தப் பண்ணைக்காரம்மாவுக்குப் பெயர் வாயில் நுழையாமல் 'பூலி' என்றுதான் கூப்பிடுவார். அதற்கும் திரும்பிப் பார்க்கும்.

ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சுழி பார்த்தியாம்மா?" ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்க் குதிரைகளை வேடிக்கை பார்த்தே வளர்ந்தவர் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் புளியின் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். இங்கே ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். உள்ளே குதிரையின் கோட்டுப்படம் ஒன்று இருக்கும். வெள்ளைக் குறிகள் இருந்தால் சிவப்பு மையில் வரைவார்கள்; சுழி இருக்கும் இடத்தில் கருப்பு மையில் பெருக்கல் குறி போடுவார்கள். புளியின் படத்தில் ஒரு சொட்டுச் சிவப்பு கிடையாது. நெற்றியில், கழுத்தின் இரண்டு பக்கமும், வெறும் பெருக்கல் குறிகள்தான். எக்ஸ்மோர் இனத்தில் வெள்ளை இருக்கவே கூடாது என்பதால் எல்லாம் பார்க்க ஒரே அச்சு. உடம்புக்குள் வைக்கும் மைக்ரோசிப்பை விட்டால் ஒன்றையொன்று பிரித்துச் சொல்ல சுழிதான் வழி. அப்பா ராசி பார்க்கக் கேட்டார், இவர்கள் அடையாளத்துக்குப் பார்க்கிறார்கள். கேள்வி என்னவோ ஒன்றுதான்.

அந்த ஆறாவது இடத்துக்குப் பிறகுதான் இன இலக்கணத்தை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். வாங்கும்போதே படித்திருக்க வேண்டும். எக்ஸ்மோர் போனி சங்கம் 1921இல் தொடங்கியது. அவர்கள் சொல்லும் இலக்கணம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். செம்பழுப்பு, பழுப்பு, அல்லது மங்கிய மண்நிறம். கால், பிடரி, வால் கருப்பு. மூக்கைச் சுற்றி, கண்ணைச் சுற்றி, தொடை இடுக்கை ஒட்டிய அடிவயிற்றில் மாவு தடவினது போன்ற வெளிர்நிறம். வெள்ளை எங்கேயும் கூடாது. காது குட்டையாக, தடித்து, கூர்மையாக. கண் பெரிதாக, துருத்தினாற்போல. இதற்குத் தேரைக்கண் என்றே இங்கே பெயர். இமை தடித்து, மழையும் பனியும் உள்ளே போகாதபடி இருக்கும். மார்பு ஆழமாக, விலா நன்றாக வளைந்து, முதுகு சமமாக. கால் குட்டை, குளம்பு கெட்டி. நடை நேராக, அலட்டல் இல்லாமல்.

உயரத்தில் நான் ஏமாந்த கதை தனி. பெண்குதிரைக்கு 12.2, ஆண்குதிரைக்கும் காயடித்த குதிரைக்கும் 12.3 கை, அதற்கு மேல் போகக்கூடாது. ஒரு கை என்பது நான்கு அங்குலம். 12.2 என்றால் பன்னிரண்டு புள்ளி இரண்டு கை என்று நினைத்துக் கால்குலேட்டரில் பெருக்கி, 48.8 அங்குலம் என்று எழுதி வைத்திருந்தேன். அது தசமப் புள்ளியே இல்லை. பன்னிரண்டு கையும் மேலே இரண்டு அங்குலமும், ஆக 50 அங்குலம், அதாவது 127 செ.மீ. 12.3 என்பது 129.5 செ.மீ. கழுத்து முடிந்து முதுகு ஆரம்பிக்கும் மேட்டில், கெட்டியான சமதரையில் நிறுத்தி அளக்க வேண்டும். புல்தரையில் அளந்தால் குளம்பு புதைந்து அரை அங்குலம் காணாமல் போகும்.

இலக்கணத்தைப் படித்தபோது எனக்கு உறைத்தது வேறு. இதில் அழகுக்கென்று ஒரு வரிகூட இல்லை. எல்லாமே இந்த இனம் பிறந்த எக்ஸ்மோர் மேட்டில் குளிர்காலத்தைத் தாண்டுவதற்கான பட்டியல். இதற்குப் பின்னால் பழைய கதை ஒன்று உண்டு. 1818இல் எக்ஸ்மோர் காட்டை அரசு விற்றபோது ஜான் நைட் என்பவர் வாங்கினார். அங்கிருந்த குதிரைகளை உயரமாக, மிடுக்காக ஆக்கலாம் என்று அவர் வெளிநாட்டுப் பொலிக்குதிரைகளைக் கொண்டுவந்து கலந்தார். குட்டிகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன, ஆனால் மேட்டின் குளிரைத் தாங்கவில்லை. அதே நேரத்தில் அந்தக் காட்டின் கடைசிக் காவல் அதிகாரியான சர் தாமஸ் ஆக்லண்ட் கலப்பில்லாத சில குதிரைகளை ஓட்டிக்கொண்டுபோய் வின்ஸ்ஃபோர்டு மேட்டில் விட்டார். அந்த வம்சமும், உள்ளூர் விவசாயிகள் வைத்திருந்தவையும்தான் மிஞ்சின. இரண்டாம் உலகப்போர் முடியும்போது எண்ணிக்கை ஐம்பது அளவுக்குக் குறைந்துவிட்டது. மேரி எதெரிங்டன் என்ற பெண்மணி ஊர் ஊராகப் பேசி, பண்ணைக்காரர்களைச் சேர்த்து, மறுபடி பெருக வைத்தார். இத்தனை பேர் பாடுபட்டு மாற்றாமல் காப்பாற்றிய ஒன்றைத்தான் நான் ஒரு ராத்திரியில் கத்தரிக்கோலால் 'சரி' செய்திருந்தேன்.

வால் மட்டும் என்றால் பரவாயில்லை. அன்றைக்கு நான் செய்தது இன்னும் நிறைய.

நம் ஊரில் மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பு சீவி, வர்ணம் பூசி, மாலை போட்டு வளர்ந்த கை இது. விழா என்றால் ஜோடிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஷோவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வாளி வாளியாக நுரை வர ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். காலையில் பார்த்தால் குதிரை பஞ்சு மிட்டாய் போல உப்பி, மினுக்கம் இல்லாமல் நின்றது. இந்த இனத்தின் கோடைகால ரோமம் ஒட்டி, கெட்டியாக, பளபளவென்று இருக்க வேண்டும். அந்தப் பளபளப்பு தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையால் வருவது. அதை நான் சாக்கடையில் விட்டிருந்தேன். அது திரும்பி ஊற இரண்டு மூன்று நாளாவது ஆகும்.

அதை ஈடுகட்ட, மூக்கில் பேபி ஆயில் தடவினேன். மற்ற இனங்களில் சிலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன், மூக்கு கருகருவென்று மின்னும். புளிக்கு என்ன ஆயிற்று என்றால், மாவு தடவினது போல இருக்க வேண்டிய மூக்கு எண்ணெயில் இருண்டு, ஈரப் பழுப்பாகிவிட்டது. இனத்தின் முத்திரையையே அழித்துவிட்டு மேலே பாலிஷ் போட்டிருக்கிறேன்.

வாலுக்கு வருகிறேன். எக்ஸ்மோரின் வால் தொடங்கும் இடத்தில் குட்டையான, முரட்டு மயிர்கள் விசிறி போல விரிந்து இருக்கும். வேறு சில போட்டிப் பிரிவுகளில் வாலின் மேல்பக்க மயிரைப் பிடுங்கி ஒல்லியாக்குவது வழக்கம், நான் அதையும் செய்திருந்தேன். அந்த விசிறி எதற்கு என்பது நவம்பரில்தான் புரிந்தது. சாய்வாக அடித்த ஒரு மழையில் புளி காற்றுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நின்றது. பக்கத்தில் நின்ற பண்ணைக்காரம்மாவின் எக்ஸ்மோரில் தண்ணீர் முதுகிலிருந்து வழிந்து, வால் விசிறியில் பட்டுத் தொடைக்கு வெளியே சொட்டிக்கொண்டிருந்தது. புளிக்கு நேராகத் தொடை இடுக்கில் இறங்கியது. விலாவில் விரலை விட்டுப் பார்த்தேன். மேல் ரோமம் சொதசொத, அடியில் இருக்கும் கம்பளி கதகதவென்று காய்ந்திருந்தது. பின்பக்கம் விட்டுப் பார்த்தால் ஈரம். "நீ வெட்டினது மயிர் இல்லை, கூரை ஓடு" என்றார் அந்தம்மா. அது பழையபடி ஆக ஒன்றரை வருடம் ஆனது.

ஆகவே இப்போது நான் செய்வது இதுதான். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை குளிர்கால ரோமம் உதிரும்போது ரப்பர் பிரஷ்ஷால் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறேன். கை வலிக்கும். ஒரு நாளைக்கு வரும் ரோமத்தில் தலையணை தைக்கலாம். செப்டம்பரில் புது ரோமம் முளைக்க ஆரம்பித்துவிடும் என்பதால், ஷோ என்று நினைத்தால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரைதான் நமக்கு வாய்த்த காலம். உடம்புக்கு ஷாம்பு கிடையாது. வாலும் காலும் மட்டும் மூன்று நாள் முன்பே தண்ணீரில் அலசுவேன். வாலின் நுனி தரையில் புரண்டால் மட்டும் கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்துக் கொஞ்சம் குறைப்பேன், குறுக்கே வெட்டவே மாட்டேன். பிடரியைப் பின்னுவது கிடையாது. மீசை மயிரைத் தொடுவதில்லை. அது குதிரைக்கு விரல் நுனி மாதிரி. உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பே 2021 ஜூலையிலிருந்து தன் போட்டிகளில் அதை மழிக்கக்கூடாது என்று விதி போட்டுவிட்டது. குளம்புக்கு நிறமில்லாத எண்ணெய், அதுவும் மனசு கேட்காவிட்டால் மட்டும். குளிர்காலத்தில் வெளியே நிற்கும் குதிரையைப் பளபளக்கத் தேய்க்கவே கூடாது, காய்ந்த சேற்றைத் தட்டிவிட்டால் போதும்.

இதெல்லாம் வெளிவேலை. எனக்கு உண்மையில் பயம் காட்டியது உடம்பு எடை.

இரண்டாவது வருடம் மே மாதம் புளி கும்மென்று இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "நல்லா இருக்கே" என்றார்கள். நானும் ஷோவுக்குத் தயார் என்று பூரித்துப் போயிருந்தேன். தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர் கழுத்தின் மேல் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அது கெட்டியாக அசையாமல் இருந்தது. பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை போகும் உடல்நிலை அளவில் புளிக்கு நாலு கொடுத்தார். மூன்றில் இருக்க வேண்டும். "இப்படியே விட்டால் லாமினைட்டிஸ் வரும்" என்றார். குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் சதைப் படலம் அழற்சி கண்டு பிய்ந்துபோகும் நோய் அது. முற்றினால் எலும்பே இறங்கிவிடும், குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டி வரலாம். மேட்டில் முள்ளும் முரட்டுப் புல்லும் தின்று பிழைக்கப் படைக்கப்பட்ட உடம்புக்குப் பால்மாட்டுப் புல்வெளி என்பது தினமும் கல்யாண விருந்து மாதிரி.

அவர் சொல்லிக் கொடுத்த சோதனை எளிது. கையை முஷ்டி பிடித்து முட்டிகளைத் தடவிப் பாருங்கள். விலா அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கையின் சதையைத் தடவுங்கள். அப்படி இருந்தால் கொழுப்பு. கையை நீட்டிப் புறங்கையைத் தடவும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்குத் தட்டுப்படுகிறதே, அப்படி இருந்தால் சரி. வாரம் ஒருமுறை, நெஞ்சுச் சுற்றளவை வைத்து எடை சொல்லும் டேப்பாலும் அளக்கிறேன். புளி அப்போது 310 கிலோ காட்டியது. உடல் எடையில் ஒன்றரை சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு நாலரை கிலோவுக்குச் சற்று மேல் தீவனம், ஈரத்தைக் கழித்த எடைக் கணக்கில், மேய்ச்சலையும் சேர்த்து. உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரையை வடித்துக் கொடுத்தேன். மேய்ச்சல் நிலத்தை மின்வேலியால் கீற்றுக் கீற்றாகப் பிரித்தேன். இரவு உறைபனி, காலையில் நல்ல வெயில் என்றால் புல்லில் சர்க்கரை ஏறி நிற்கும், அன்றைக்கு வெளியே விடுவதே இல்லை. குளம்பு சுடுகிறதா, கணுக்காலுக்குப் பின்னால் நாடி படபடவென்று அடிக்கிறதா, முன்காலை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கிறதா என்று தினம் பார்த்தேன். அந்த வருடம் ஷோவுக்கே போகவில்லை.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ரிங்கில் கொழுப்பைத் 'தசைப்பிடிப்பு' என்று பாராட்டும் நடுவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மெலிந்து, சரியான எடையில் வந்த குதிரையை 'இன்னும் உருண்டு திரளவில்லை' என்று கடைசியில் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். பரவாயில்லை, நான் கடைசியிலேயே நின்றுகொள்கிறேன்.

அப்புறம் ஓட்டம். கையில் பிடித்துக் காட்டும் போட்டிப் பிரிவில் வேலை இவ்வளவுதான்: எல்லோரோடும் ரிங்கைச் சுற்றி நடப்பது, வரிசையில் நிற்பது, நம் முறை வரும்போது நடுவர் முன் நிறுத்துவது, நேராக நடந்து போவது, ஓட்டிக்கொண்டு திரும்புவது. சாதாரணமாகத் தெரியும். முதல் ஷோவில் நான் முன்னால் ஓடி, கயிற்றை இழுத்து, திரும்பித் திரும்பி அதன் முகத்தைப் பார்த்தேன். குதிரைக்கு நேராக முகத்தைக் காட்டினால் அது நில் என்றுதான் எடுத்துக்கொள்ளும். புளி நின்றது. நான் இழுக்க, அது நிற்க, புடவைக் கடை வாசலில் பிள்ளையை இழுக்கும் அம்மா போல இருந்தேன்.

குதிரையின் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணை எதிரே இருக்கும் ஒரு மரத்தில் வைத்து ஓட வேண்டும். முனையில் திரும்பும்போது குதிரையை நம் பக்கம் இழுக்காமல், வலதுபுறமாக நம்மைவிட்டுத் தள்ளித் திருப்ப வேண்டும். அப்போதுதான் நடுவருக்கும் மறைக்காது, நம் காலும் தப்பும். நிறுத்தும்போது நடுவர் பக்கத்து முன்கால் கொஞ்சம் முன்னே, அதே பக்கத்துப் பின்கால் கொஞ்சம் பின்னே. நாலு காலும் பக்கவாட்டில் தனித்தனியாகத் தெரியும். வேலியோரமாக, பின்னால் மகள் ஒரு குச்சியை ஆட்டிக்கொண்டு வர, தினம் பத்து நிமிடம் என்று இரண்டு மாதம் பழக்கினேன். புளிக்கு "ஓடு" என்றால் ஓட்டம், "நில்லுடா" என்றால் நிற்பது. இங்கிலீஷில் சொன்னால் காதை மட்டும் ஆட்டும்.

வண்டியில் ஏற்றுவதையும் முன்கூட்டியே பழக்குங்கள். நான் முதல் ஷோ அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஏற்றப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம். கயிற்றை உதறி என்னைத் தள்ளிவிட்டு, எழுந்திருக்கும்போது காலையும் மிதித்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று அப்பா சொல்வது சும்மா இல்லை. இப்போது இரண்டு வாரம் முன்பிருந்தே சாயங்காலத் தீவனத்தை வண்டிக்குள்தான் வைக்கிறேன், கதவைத் திறந்தபடி. பாஸ்போர்ட் வண்டியில் இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள், அது சட்டம். ஃப்ளூ தடுப்பூசித் தேதியையும் பாருங்கள். பல ஷோக்களில் வாசலிலேயே அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். வருட ஊசி ஒரு நாள் தள்ளிப்போனாலும் முதலிலிருந்து போட்டு வர வேண்டியிருக்கும்.

உடை விஷயம் சின்னதுதான். ட்வீட் கோட்டு, டை, கையுறை, மங்கிய நிறத்தில் கால்சட்டை. செருப்புக் கடையில் மினுக்கும் தோல் பூட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள், அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். ஈரப் புல்லில் வழுக்கியவள் சொல்கிறேன்.

மூன்றாவது வருடம், ஆகஸ்டில் மறுபடி போனோம். வால் முழுசாக வளர்ந்திருந்தது. அன்று காலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் புளி சேற்றில் புரண்டு, ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்த களிமண்ணோடு நிற்கிறது. இரண்டு வருடம் முன்பு என்றால் அழுதிருப்பேன். ரப்பர் பிரஷ்ஷை எடுத்துத் தட்டினேன், முக்கால் மணி நேரத்தில் மண் போய், அடியில் புளியங்கொட்டை மினுமினுத்தது. எண்ணெய் இல்லை, ஷாம்பு இல்லை. ஈரத்துணியால் கண்ணையும் மூக்கையும் துடைத்தேன், அவ்வளவுதான்.

நடுவர் இந்த முறை வேறு ஒருவர், வயதான பெண்மணி. தேரைக்கண்ணைக் கிட்டே போய்ப் பார்த்தார். விலாவில் விரல்களை அழுத்தி நகர்த்தினார். பின்பக்கம் போய் வாலைத் தூக்கினார். எனக்கு மூச்சு நின்றது. விசிறியை ஒரு விரலால் வருடிவிட்டுக் கீழே விட்டார். ஒன்றும் சொல்லவில்லை. "ஓட்டிக் காட்டுங்கள்" என்றார். "ஓடு புளி" என்றேன்.

ஏழில் நாலாவது. நாலாவதுக்குப் பச்சை ரிப்பன். வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டலாம் என்று கடிவாளத்தில் சொருகிவிட்டுப் போனை எடுப்பதற்குள், ரிப்பன் நழுவி மூக்குக்குக் கீழே தொங்கியது. அப்பா லைனில் வந்தபோது பாதி வாய்க்குள் போயிருந்தது. "என்னம்மா மெல்லுது அது?" என்றார்.